கரண்ட் போகும் ஊரில் லினக்ஸ் மின்ட் 22: அப்டேட் மெனேஜர் எவ்வளவு தாங்கும்?

லினக்ஸ் மின்ட் 22 விண்டோஸுக்கு மாற்றான ஓர் இலவச இயங்குதளம். அதன் அப்டேட் மெனேஜர் நல்ல கருவிதான். வேலை நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போகும் என்று மட்டும் அதைச் செய்தவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. தென்மேல் பருவமழை இறங்கியதும் கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம் மின்கம்பிமேல் மரம் சாய்வது வழக்கம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் பங்குனி, சித்திரை மாலைகளில் இடி. சிக்னல் லயத்து வாசலில் ஏதோ ஒரு மூலையில் இரண்டு கோடு காட்டும், உள்ளே வந்தால் அதுவும் இல்லை. இந்த இடத்தில் ஓர் இயங்குதளத்தைப் பாவிக்கப்போகிறவருக்கு மெனுவின் அழகு இரண்டாம் பட்சம். அப்டேட் பாதியில் நின்றால் பெட்டி திரும்ப எழும்புமா என்பதே முதல் கேள்வி.

எழும்பும். அனேகமாக ஒரே கட்டளையில் எழும்பும். எந்தக் கட்டளை என்று திரையே சொல்லிவிடும், ஆனால் ஆங்கிலத்தில் சொல்லும். மின்டின் மெனுக்களில் ஒரு பகுதி தமிழில் வந்தாலும், பிழைச் செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலமே. ஆகவே இந்த விமர்சனத்தில் பாதி இடம் அந்தச் செய்திகளுக்குத்தான். கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி எழுதியிருக்கிறோம். டேர்மினல் என்ற கட்டளைத் திரையில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவும்.

இப்போது மின்டைப் பற்றி ஏன் பேச்சு என்றால், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. காரியாலயங்கள் கழித்துவிட்ட ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் லெப்டொப்கள் அனேகமாக விண்டோஸ் 11இன் பட்டியலில் இல்லை. மின்ட் கேட்பது 2 ஜிபி ரெம். 4 ஜிபி இருந்தால் சௌகரியம். டிஸ்க்கில் குறைந்தது 20 ஜிபி வேண்டும். 22ஆம் பதிப்பு 2024 ஜூலையில் வந்தது. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்புமேல் கட்டியிருப்பதால் 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

டேட்டாவை எண்ணிச் செலவழிக்கிறவருக்கு முதலில் பிடிக்கப்போவது இது: மின்ட் தானாக எதையும் நிறுவாது. கீழ்ப்பட்டையில் ஒரு கேடயச் சின்னம் நிற்கும், என்னென்ன வந்திருக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை எம்பி என்று பட்டியல் காட்டும், அதோடு சரி. டிக் எடுத்துவிட்டால் அது இறங்காது. இரண்டு பெயர்களில் மட்டும் கண் வைக்க வேண்டும். ஒன்று ‘லினக்ஸ்-ஃபர்ம்வெயார்’: உலகத்து வைஃபை, கிராஃபிக்ஸ் சில்லுகள் எல்லாவற்றுக்குமான கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டியது, சில நூறு எம்பி வரும். மற்றது ஃபிளாட்பெக், அப்களை நிறுவும் இன்னொரு வழி. சின்ன அப் ஒன்றை அந்த வழியில் போட்டிருந்தாலும், அது நிற்கும் ‘ரன்டைம்’ சேர்ந்து இறங்கும்போது அதுவும் சில நூறு எம்பி. ரீலோட் போட்ட கையோடு ‘எல்லாவற்றையும் நிறுவு’ என்று அமுக்கினால் மாதத்து டேட்டா ஒரு மணி நேரத்தில் தீரும். அப்போதைக்கு வேண்டாதவற்றின்மேல் வலது கிளிக் செய்து ஒதுக்கி வைக்கலாம். பிரவுசரையும், இயங்குதளத்தின் மையமான கர்னலின் பாதுகாப்பு அப்டேட்டையும் மட்டும் ஒதுக்காதீர்கள்.

இறக்கம் வேறு, நிறுவல் வேறு

அப்டேட் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் பெக்கேஜ்கள், அதாவது மென்பொருள் மூட்டைகள், இணையத்திலிருந்து இறங்கி, வார் கோப்புறைக்குள் கேச், ஆப்ட், ஆர்கைவ்ஸ் என்ற வரிசையில் போய்ச் சேரும். பிறகு டிபிகேஜி என்ற கருவி அவற்றைப் பிரித்து, பழைய கோப்புகளின் இடத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் அமைக்கும். இறங்கும்போது கரண்ட் போனாலும், சிக்னல் அறுந்தாலும், டேட்டா தீர்ந்தாலும் பெட்டிக்கு ஒரு கேடும் இல்லை. பாதி இறங்கியது ‘பார்ஷல்’ கோப்புறையில் இருக்கும், அடுத்த தடவை விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆபத்து முழுவதும் அதற்குப் பிறகு வரும் சில நிமிடங்களில்தான். பலர் மணிக்கணக்கில் இறங்குவதைப் பதற்றத்தோடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிறுவத் தொடங்கியதும் ‘முடிந்தது’ என்று எழுந்து போவார்கள். அந்த நேரத்தில்தான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்டேட் மெனேஜரின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. இரண்டு கட்டத்தையும் ஒரே பொத்தானில் கட்டிவைத்திருக்கிறது. இரவு நேர டேட்டா உள்ள பெக்கேஜ்காரர் நள்ளிரவுக்குப் பிறகு இறக்கி, காலையில் வெளிச்சத்தில் நிறுவ விரும்புவார். அதற்கு இந்தத் திரையில் வழி இல்லை. ஆனால் மின்டோடு கூடவே வரும் இன்னொரு பெக்கேஜ் கருவியான சினெப்டிக்கில் இருக்கிறது. திறந்து ‘ரீலோட்’, பிறகு ‘மார்க் ஓல் அப்கிரேட்ஸ்’, பிறகு ‘அப்ளை’. வரும் பெட்டியில் ‘டவுன்லோட் பெக்கேஜ் ஃபைல்ஸ் ஒன்லி’ என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். டேர்மினலில் அதே வேலையை ‘சூடோ ஆப்ட்-கெட் டிஸ்ட்-அப்கிரேட் --டவுன்லோட்-ஒன்லி’ செய்யும். வெறும் ‘அப்கிரேட்’ என்று தட்டினால் புதிய கர்னல் வராது, ஏனென்றால் ஆப்ட்-கெட்டில் அந்தச் சொல் புதுப் பெயருள்ள பெக்கேஜைச் சேர்க்காது. காலையில் கேடயத்தைத் திறந்து நிறுவினால் இறங்கியதையே எடுத்துக்கொள்ளும். கர்னல் இருந்தாலும் சில நிமிட வேலை. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும்.

நிறுவும் நேரத்துக்கு லெப்டொப் பெட்டரி அரைவாசியாவது இருக்கட்டும். பாவித்த லெப்டொப்பில் ‘80 வீதம்’ என்று காட்டிவிட்டு வயரைக் கழற்றியதும் படுக்கும் பெட்டரிகள் நிறைய. ஒரு தடவை வயரைக் கழற்றிப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மேசைக் கணினிக்கு யூபிஎஸ் இல்லையென்றால், இடி மழைக் காலத்தில் மாலையில் நிறுவவே வேண்டாம்.

நிறுவலின் நடுவில் கரண்ட் போய்விட்டால்

கரண்ட் வந்ததும் பெட்டியைப் போடுங்கள். வழக்கமான திரை வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கேடயத்தை அமுக்கினால் டிபிகேஜி இடையில் நின்றுவிட்டதாகவும், குறிப்பிட்ட கட்டளையை ஓட்டும்படியும் செய்தி வரும். டேர்மினலைத் திறந்து ‘சூடோ டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ’. ஒவ்வொரு பெக்கேஜும் எந்த நிலையில் நின்றது என்று டிபிகேஜி எழுதி வைத்திருக்கும். பிரித்து வைத்து அமைக்காமல் விட்டவற்றை எடுத்து அமைத்து முடிக்கும். அடுத்து ‘சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டோல்’. இது ஒன்றையொன்று சார்ந்த பெக்கேஜ்களில் விடுபட்டதைக் கொண்டுவரும். அதன் பிறகு வழக்கமான அப்டேட். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

‘சூடோ’ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள். அது கேட்கும் கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் புள்ளிகூட வராவிட்டால் பயப்படத் தேவையில்லை, உள்ளே போகிறது.

திரை வராமல் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற அடைப்புக்குறியோடு கறுப்புத் திரை நின்றால், டிஸ்க்கின் கோப்பு ஒழுங்கு குழம்பியிருக்கிறது. மேலே எந்தப் பகுதி கெட்டது என்று பெயர் போட்டிருக்கும், ‘டெவ்’இல் தொடங்கும். ‘எஃப்எஸ்சிகே -வை’ என்று தட்டி, இடைவெளி விட்டு அந்தப் பெயரைத் தட்டுங்கள். திருத்தி முடிந்ததும் ‘எக்ஸிட்’. ஒரே பெட்டியில் இது அடிக்கடி வந்தால் டிஸ்க்கையே சந்தேகப்பட வேண்டும். ‘டிஸ்க்ஸ்’ என்ற கருவியில் டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட் விபரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘அன்ஏபிள் டு மவுன்ட் ரூட்’ என்று தொடங்கி, கடைசியில் அடைப்புக்குறிக்குள் இரண்டு பூச்சியம் காட்டி உறைந்தால் பலர் பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டி, எல்லாவற்றையும் அழித்து மறுபடி போடுவார்கள். தேவையே இல்லை. புதிய கர்னல் இறங்கிவிட்டது, அது எழும்புவதற்கான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு உருவாகும் முன் கரண்ட் போய்விட்டது, அவ்வளவுதான். பெட்டியைப் போட்டவுடன் எஸ்கேப் விசையை, பழைய பயோஸ் பெட்டியில் ஷிஃப்ட் விசையை அமுக்கினால், எந்தக் கர்னலில் எழும்புவது என்று கேட்கும் கிரப் மெனு வரும். அதில் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’, பிறகு பட்டியலில் புதிய கர்னலுக்கும் அதன் ‘ரிகவரி மோட்’ வரிக்கும் கீழே இருக்கும் பழைய கர்னல். அதில் எழும்பியதும் மேலே சொன்ன டிபிகேஜி கட்டளை. பிறகு ‘சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஓல்’, கடைசியாக ‘சூடோ அப்டேட்-கிரப்’. பழைய கர்னலை உடனே அழிக்கக்கூடாது என்று சொல்வதன் காரணம் இதுதான். எப்போதும் இரண்டு இருக்கட்டும்.

பழைய கர்னலிலும் திரை வரவில்லையா? அதே பட்டியலில் ‘ரிகவரி மோட்’ என்று ஒன்று உண்டு. அதன் மெனுவில் டிபிகேஜி என்ற வரியே இருக்கிறது. அதற்கு முன் ‘நெட்வேர்க்’ வரியை ஓட்டிக்கொள்ளுங்கள். வைஃபை அங்கே நம்பகமில்லை. போனை யூஎஸ்பி வயரில் கொழுவி டெதரிங் போடுவது மேல்.

அரிதாக வரும் இன்னொன்று, கேட்கவே வயிற்றைக் கலக்கும்: ஏதோ ஒரு பெக்கேஜின் கோப்புப் பட்டியலில் ‘ஃபைனல் நியூலைன்’ இல்லை, இனித் தொடர முடியாது என்று டிபிகேஜி நின்றுவிடும். எழுதிக்கொண்டிருந்த ‘.லிஸ்ட்’ கோப்பு கரண்ட் போனதில் வெறுமையாகிவிட்டது. வார், லிப், டிபிகேஜி, இன்ஃபோ என்று போய் அந்தப் பெக்கேஜின் ‘.லிஸ்ட்’ கோப்பை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்தி, அந்தப் பெக்கேஜை ‘--ரீஇன்ஸ்டோல்’ போட்டு மறுபடி நிறுவினால் சரி. கெட்டது ‘ஸ்டேட்டஸ்’ கோப்பு என்றால், அதே டிபிகேஜி கோப்புறையில் ‘ஸ்டேட்டஸ்-ஓல்ட்’ என்று முந்தைய பிரதி இருக்கும். கெட்டதை வேறு பெயரில் ஒதுக்கிவிட்டு அதை அதன் இடத்தில் வையுங்கள். அதுவும் கெட்டிருந்தால் வார் கோப்புறையின் ‘பெக்அப்ஸ்’இல் இன்னும் பழையது கிடக்கும்.

‘குட் நொட் கெட் லொக்’ என்று வந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். வேறொரு அப்டேட் வேலை பின்னால் ஓடுகிறது, அதன் எண்ணைக்கூடச் செய்தியிலேயே போட்டிருக்கும். பத்து நிமிடம் பொறுத்தால் முடியும். லொக் கோப்பை அழிக்கச் சொல்லும் யோசனை எங்கு பார்த்தாலும் கிடைக்கும். இரண்டு டிபிகேஜி ஒரே நேரத்தில் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு முந்தின பந்தியே பதில்.

சிக்னலும் கடிகாரமும் செய்யும் குழப்பம்

டேட்டா தீர்ந்தவுடன் சில இணைப்புகள் எதைக் கேட்டாலும் ‘ரீலோட் செய்யுங்கள்’ என்ற பக்கத்தையே திருப்பி அனுப்பும். பெக்கேஜ்களை இறக்கும் கருவியான ஆப்டுக்கு அது பக்கம் என்று தெரியாது. கையெழுத்திட்ட பட்டியலைக் கேட்டேன், ஏதோ வந்திருக்கிறது என்று ‘நோஸ்ப்ளிட்’ என்ற விளங்காத சொல்லோடு பிழை காட்டும். மின்டில் எந்தக் கோளாறும் இல்லை. மிச்சத்தைப் பார்த்து ரீலோட் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினால் போதும்.

‘ஹேஷ் சம் மிஸ்மேச்’ வந்தால் இறங்கிய பட்டியல் சிதைந்தது, அல்லது மிரர், அதாவது பெக்கேஜ்களின் பிரதியை வைத்திருக்கும் சேவையகம், அந்த நேரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். அப்போதும் வந்தால் வார், லிப், ஆப்ட், லிஸ்ட்ஸ் கோப்புறையின் உள்ளே இருப்பதை அழித்துவிட்டு ‘சூடோ ஆப்ட் அப்டேட்’. பட்டியல் முழுவதும் புதிதாக இறங்கும் என்பதால் டேட்டா இருக்கும்போது செய்யவும். ‘சொஃப்ட்வெயார் சோர்சஸ்’ திரையில் மிரரை மாற்றவும் முடியும். மின்டுக்கு ஒன்று, அடியிலுள்ள உபுண்டுவுக்கு ஒன்று என இரண்டு வரி இருக்கும்; ஒவ்வொன்றையும் அமுக்கினால் வேகத்தை அளந்து வரிசைப்படுத்தும். இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் உபுண்டு மிரரும் உண்டு. எது வேகம் என்பது உங்கள் சிம்மையும் அந்த நேரத்தையும் பொறுத்தது, அளந்தே முடிவு செய்யுங்கள். இந்தத் திரை மின்டின் நல்ல வேலைகளில் ஒன்று.

‘ரிலீஸ் ஃபைல் இஸ் நொட் வேலிட் யெட்’ என்று வந்தால் மிரரை மாற்றிப் பயனில்லை. பெட்டியின் கடிகாரம் பின்னால் நிற்கிறது. இன்று வெளிவந்த பட்டியல் அதற்கு எதிர்காலத்திலிருந்து வந்தது போலத் தெரிகிறது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பெட்டரி செத்த பழைய லெப்டொப்களில் இது சர்வசாதாரணம். தினமும் போடும் பெட்டியில் வெளியே தெரியாது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் அடித்தபோது மலையகத்தில் பல இடங்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி நீளமாக அணைந்து கிடந்த பெட்டியை மறுபடி போடும்போதுதான் வெளிப்படும். இணைய நேரம் வந்து சேரும்வரை இரண்டு நிமிடம் பொறுங்கள், அல்லது கையால் நேரத்தைத் திருத்துங்கள். பெட்டரி மலிவு. லெப்டொப்பில் அனேகமாக வயர் பூட்டியது வேண்டும், பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்கவும். விண்டோஸோடு சேர்த்துப் போட்ட பெட்டியில் சரியாக 5 மணி 30 நிமிடம் வித்தியாசம் வந்தால் பெட்டரிக்குச் செலவழிக்காதீர்கள். வன்பொருள் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாகப் படிக்கிறது. ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ அதைத் தீர்க்கும்.

வெளியாரின் சேமிப்பிடங்களைச் சேர்த்திருந்தால் ‘நோ பப்கீ’, ‘ரிலீஸ் ஃபைல் இல்லை’ என்ற வகைப் பிழைகள் வரும். பெரும்பாலும் யாரோ எப்போதோ சேர்த்துவிட்டு மறந்த, பிபிஏ என்ற வகை வெளிச் சேமிப்பிடம்தான் காரணம். சொஃப்ட்வெயார் சோர்சஸில் அதன் டிக்கை எடுத்தால் மற்றதெல்லாம் ஓடும்.

கர்னல் மாறியபின் வைஃபை காணாமல் போவது

புரோட்கொம் சில்லு உள்ள பழைய லெப்டொப்களின் நோய் இது. அந்த டிரைவர் ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் பெட்டியிலேயே மறுபடி கட்டப்பட வேண்டும். கட்ட முடியாமல் போனால் அப்டேட் ‘முடிந்தது’ போலவே தெரியும், மறுபடி போட்டதும் வைஃபை இருக்காது. கிரப்பில் பழைய கர்னலுக்குப் போங்கள், அல்லது போனை வயரில் கொழுவி டெதரிங் போட்டு ‘டிரைவர் மெனேஜரில்’ டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். கையெழுத்திடாத டிரைவரை மறுக்கும் செக்யூர் பூட் போட்டிருக்கும் பெட்டியில் டிரைவர் சரியாகக் கட்டப்பட்டும் ஏறாமல் நிற்கலாம். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டு, மறுபடி போடும்போது நீலத் திரையில் ‘என்ரோல் மொக்’ வந்திருக்கும்; அதை அவசரத்தில் தாண்டிவிட்டவர்களுக்கு இதுதான் நடக்கும்.

டிஸ்க்கை முழுதாகக் கடவுச்சொல்லால் பூட்டி (என்கிரிப்ட் செய்து) நிறுவியவர்களுக்கு ‘பூட்’ தனிப் பகுதியாக இருக்கும், சின்னது. கர்னல்கள் குவிந்தால் நிரம்பி, ‘நோ ஸ்பேஸ்’ என்று அடுத்த அப்டேட் நடுவில் நிற்கும். அப்டேட் மெனேஜரின் வியூ மெனுவில் ‘லினக்ஸ் கர்னல்ஸ்’ திறந்து பழையவற்றை நீக்கவும். பிரிஃபரன்சஸில் ‘ஒட்டோமேஷன்’ தாளில் வேண்டாத கர்னலைத் தானே நீக்கும் தெரிவு உண்டு. அதைத் தொடக்கத்திலேயே போட்டுத் தந்திருக்கலாம்.

டைம்ஷிஃப்ட்

மின்டைப் பரிந்துரைக்க ஒரே காரணம் கேட்டால் இதைச் சொல்லலாம். அப்டேட்டுக்கு முன் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைக்கும் கருவி. அதை அமைக்கும்வரை அப்டேட் மெனேஜர் மேலே ஒரு பட்டை போட்டு நச்சரிக்கும். பலர் மூடிவிடுகிறார்கள், மூடாதீர்கள். ஆர்சிங்க் முறையைத் தெரிவுசெய்து, வாரம் ஒன்று, இரண்டு பிரதி மட்டும் வைத்தால் போதும். முதல் பிரதி இயங்குதளம் பிடித்திருக்கும் அளவுக்கே இடம் கேட்கும், அடுத்தவை மாறியதை மட்டும் சேர்க்கும். 120 ஜிபி டிஸ்க்கில் தினம் ஐந்து, வாரம் மூன்று என்று போட்டுவிட்டு, பிறகு டிஸ்க் நிரம்பி அப்டேட் நின்றது என்று மின்டைத் திட்டுவதில் நியாயமில்லை. வெளி டிஸ்க்கில் வைப்பதென்றால் அது எக்ஸ்ட்4 ஆக இருக்க வேண்டும். விண்டோஸுக்கென்று ஃபோர்மெட் செய்த டிஸ்க்கில் இந்த முறை வேலை செய்யாது. உங்கள் படங்களும் ஆவணங்களும் இதில் சேராது, அவற்றுக்கு வேறு பிரதி எடுங்கள்.

பெட்டி எழும்பவே இல்லையென்றால் மின்டை நிறுவப் பாவித்த பென் டிரைவிலிருந்து பூட் செய்து, அங்கேயே டைம்ஷிஃப்டைத் திறந்து, டிஸ்க்கைக் காட்டி ‘ரெஸ்டோர்’. இணையம் தேவையில்லை. சிக்னல் இல்லாத ஊரில் இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

பாடசாலை அறையில் பத்துப் பெட்டி இருந்தால்

ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரே 300 எம்பியை இறக்கினால் 3 ஜிபி போகும். ஒரு பெட்டியில் ‘ஆப்ட்-கேச்சர்-என்ஜி’ நிறுவுங்கள். 3142ஆம் போர்ட்டில் காத்திருந்து, முதல் பெட்டிக்காக இறக்கியதை மற்ற ஒன்பதுக்கும் உள்ளூர் வலையிலேயே கொடுக்கும். மற்றப் பெட்டிகளில் ஈடிசி, ஆப்ட், ‘ஆப்ட்.கொன்ஃப்.டி’ கோப்புறையில் ஒரு சிறு கோப்பு. அதில் ப்ரொக்சி வரி ஒன்று, 192.168இல் தொடங்கும் அந்தப் பெட்டியின் முகவரியோடு. வரியின் முடிவில் அரைப்புள்ளி விடுபட்டால் ஆப்ட் முழுவதுமே படுத்துவிடும். மின்டின், உபுண்டுவின் சேமிப்பிடங்கள் வழக்கமாகச் சாதாரண எச்டிடிபியில் இருப்பதால் இது சிக்கலின்றி ஓடும். எச்டிடிபிஎஸ் சேமிப்பிடம் ஏதாவது சேர்த்திருந்தால் ‘403’ என்று மறுக்கும். அதற்கு மட்டும் நேர்வழி விட வேண்டும். கேச்சர் இருக்கும் பெட்டியின் முகவரியை ரவுட்டரில் நிலையாகக் கட்டிவைக்காவிட்டால், கரண்ட் போய் வந்த மறுநாள் பத்துப் பெட்டியும் ஒன்றாக அப்டேட் மறுக்கும்.

வலையே இல்லாத பெட்டிக்கு, அதே பதிப்பு ஓடும் பெட்டியில் ‘--டவுன்லோட்-ஒன்லி’யால் இறக்கி, ஆர்கைவ்ஸில் உள்ள ‘.டெப்’ கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுபோய் அதே இடத்தில் போடலாம். நிறுவி முடிக்கும் முன் எடுக்க வேண்டும், ஏனென்றால் ‘ஆப்ட்’ கட்டளை நிறுவியதும் அவற்றை அழித்துவிடும், ‘ஆப்ட்-கெட்’ அழிக்காது.

21ஆம் பதிப்பில் இருப்பவர்கள் 2027 ஏப்ரல் வரை அவசரப்பட வேண்டாம். 22க்குத் தாவ ‘மின்ட்அப்கிரேட்’ கருவி இருக்கிறது. டைம்ஷிஃப்ட் பிரதி இல்லாமல் அது தொடங்காது, அந்தப் பிடிவாதம் நல்லது. ஆனால் ஜிபிக் கணக்கில் இறக்கி, நீண்ட நேரம் நிறுவும் வேலை அது. இங்கே அந்த நேரம் முழுவதும் கரண்டை நம்புவது கடினம். ஆவணங்களைப் பிரதி எடுத்துவிட்டு, 3 ஜிபி அளவான நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ) ஒரு தடவை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் எழுதிப் புதிதாகப் போடுவது விரைவு. நிறுவி முடிந்தபின் அந்தப் பென் டிரைவைப் பாட்டு ஏற்ற எடுத்துவிடாமல் லெப்டொப் பையிலேயே வைத்திருங்கள். டைம்ஷிஃப்டால் மீட்க வேண்டி வரும் அன்று பூட் செய்ய அதுதான் வேண்டும்.